காஃப் மரம் காற்றிலிருந்து சர்க்கரை செய்வது எப்படி?

அமீரகத்தின் தேசிய மரமான காஃப் நமக்குப் புதிதல்ல. ஊரில் நாம் வன்னி என்று அழைப்பது இதைத்தான். விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் தலவிருட்சம் வன்னி. 2019-ஐ அமீரகம் சகிப்புத்தன்மை ஆண்டாகக் கொண்டாடியபோது அதன் சின்னமாக இருந்ததும் இதே மரம். மழை அரிதான மணலில், 45 டிகிரி வெயிலிலும் பசுமையாக நிற்கும் இந்த மரத்துக்கு உணவு எங்கிருந்து வருகிறது?

மண்ணிலிருந்து என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். மண் தருவது நீரும் சிறிதளவு தாது உப்புகளும்தான். உலர்ந்த மரத்தின் எடையில் பெரும்பகுதி, காற்றில் சுமார் 0.04 சதவீதமே உள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது.

இந்த வேலை இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதலில், இலையிலுள்ள பச்சையம் சூரிய ஒளியை வாங்க, அந்த ஆற்றலால் நீர் பிளக்கப்படுகிறது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் இந்த நீரிலிருந்து வருவதே. ஒளியின் ஆற்றல் ஏ.டி.பி., என்.ஏ.டி.பி.எச். என்ற மூலக்கூறுகளில் சேமிக்கப்படுகிறது.

அடுத்து, ரூபிஸ்கோ என்ற நொதி கார்பன் டை ஆக்சைடை ஐந்து கார்பன் கொண்ட ஒரு சேர்மத்துடன் இணைக்கிறது. அது உடனே மூன்று கார்பன் கொண்ட இரண்டு துண்டுகளாக உடைகிறது. சேமித்த ஆற்றலால் இத்துண்டுகள் எளிய சர்க்கரையாக மாறுகின்றன. அதில் ஆறில் ஐந்து பங்கு, பழைய ஐந்து கார்பன் சேர்மத்தை மீண்டும் உருவாக்கவே போய்விடும். மீதி ஒரு பங்குதான் மரத்தின் லாபம். மெல்வின் கால்வின், ஆண்ட்ரூ பென்சன், ஜேம்ஸ் பாஷம் ஆகியோர் அமெரிக்காவின் பெர்க்லியில் கதிரியக்கக் கார்பன்-14 கொண்டு இச்சுழற்சியைக் கண்டறிந்தனர். 1961-இல் கால்வினுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

வளைகுடா வெயிலில்தான் சிக்கல். கார்பன் டை ஆக்சைடு உள்ளே வர இலைத்துளைகள் திறக்க வேண்டும். திறந்தால் நீர் ஆவியாகிவிடும். ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறைப் பிடிக்கப் பல செடிகள் சில நூறு நீர் மூலக்கூறுகளை இழக்கின்றன. துளைகளை மூடினாலோ பட்டினி. போதாக்குறைக்கு, வெப்பம் கூடக்கூட ரூபிஸ்கோ கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடிப்பதும் அதிகமாகிறது. அதனால் பாடுபட்டுச் சேர்த்த கார்பனில் ஒரு பகுதி வீணாகிறது.

இதற்கு ஒவ்வொரு செடிக்கும் ஒரு வழி உண்டு. காஃப் மரம் வேர்களை மிக ஆழத்துக்கு அனுப்பி நிலத்தடி நீரை எடுக்கிறது. கரும்பும் சோளமும் கம்பும் கார்பன் டை ஆக்சைடை முன்கூட்டியே திரட்டி ரூபிஸ்கோவிடம் கொடுக்கின்றன. கற்றாழை இரவில் துளைகளைத் திறந்து அதைச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு சர்க்கரை செய்கிறது.

நம் பால்கனித் தொட்டியிலுள்ள துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் இந்த வசதிகள் கிடையாது. ஆகவே கோடையில் அதிகாலையில் நீர் ஊற்றி, நண்பகலில் நிழல் கொடுப்போம். காலை வெயிலிலேயே அவை தங்கள் சமையலை முடித்துக்கொள்ளும். இங்கு குழாயில் வருவது பெரும்பாலும் கடல்நீரைக் குடிநீராக்கிய தண்ணீர். நண்பகலில் ஊற்றி அதை ஆவியாக விடுவானேன்?