துபாஷி: ஒரு பதவியின் பெயர்

புதுச்சேரியில் பெரிய மார்க்கெட் பக்கம், ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை நிற்கிறது. கீழே நம்மூர் மரத்தூண்கள். மாடியில் பிரெஞ்சு பாணித் தூண்கள். அந்த வீட்டுக்காரரின் பதவிப் பெயரிலும் ஓர் இரண்டு உண்டு: துபாஷி.

வடமொழியில் ‘த்வி’ என்றால் இரண்டு, ‘பாஷா’ மொழி. இருமொழியாளரைக் குறித்த அந்தச் சொல் இந்துஸ்தானியில் ‘துபாஷியா’ என்றும், தமிழில் துபாஷி, துபாசி என்றும் வழங்கியது. ஆங்கிலேயர் ஈற்றுயிரை விட்டு ‘துபாஷ்’ என்றார்கள். மும்பைத் துறைமுகத்தில் அது கப்பலுக்குச் சரக்கு சேர்ப்பவரைக் குறித்தது. பார்சிகளிடையே குடும்பப் பெயராகவும் ஆனது.

பேச்சை மொழிபெயர்த்து, வியாபாரத்தையும் முடித்துக் கொடுத்த துபாஷியின் வேலைக்குப் பிறர் வைத்த பெயர்களைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரருக்கு அவர் ‘கூர்த்தியே’, அதாவது தரகர். போர்த்துகீசியருக்கு ‘லிங்குவா’, அதாவது நாக்கு. மலாய்க்காரருக்கு ‘ஜுருபஹாசா’. இதில் ‘ஜுரு’ கைதேர்ந்தவர். ‘பஹாசா’ நம் பாஷையேதான். மொழிகளை எண்ணிச் சொன்னது ஒரு பெயர். வியாபாரத்தைச் சொன்னது ஒன்று, தேர்ச்சியைச் சொன்னது இன்னொன்று.

மொழி மட்டும்தான் இவர்களின் அறிவா? இல்லை என்பதற்குப் புதுச்சேரியிலேயே சாட்சி உண்டு. ஆனந்தரங்கரின் உறவினர் நயினியப்பப் பிள்ளை பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர். 1716-இல் அவரைக் கைது செய்து பிரெஞ்சு மொழியில் விசாரித்தார்கள். அவருக்குத் தெரிந்ததோ தமிழும் போர்த்துகீசியமும், பிரெஞ்சு தெரியாது. 1717-இல் சிறையிலேயே இறந்தார். எசமானரின் மொழி தெரியாமலே அந்தப் பதவியின் உச்சியில் இருந்திருக்கிறார்! எந்த ஊரில் எந்தத் துணி நன்றாக நெய்வார்கள், யாருக்கு முன்பணம் கொடுக்கலாம், யார் சொன்ன சொல் தவறாதவர் என்பதெல்லாம் தெரிந்திருந்ததே அவருடைய கல்வி.

பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியான ஆனந்தரங்கர் 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு, 1904-க்கும் 1928-க்கும் இடையே பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தது. இன்டர்பிரட்டர், புரோக்கர், ஏஜென்ட் என ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் நூலின் முகப்பில் ‘துபாஷ்’ என்றே அச்சிட்டார்கள். அது சரியான முடிவு. முதல் சொல்லை இட்டிருந்தால் வியாபாரி மறைந்திருப்பார்; இரண்டாவதை இட்டிருந்தால் ராஜதந்திரி மறைந்திருப்பார்; மூன்றாவதை இட்டிருந்தால் சொந்தமாகச் சிந்தித்த மனிதரே மறைந்திருப்பார்.

இன்று தம் திறமையை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு மொழி தெரியும் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த இரண்டையும் கொண்டு என்ன செய்யத் தெரியும் என்பதையும் எழுதுங்கள். துபாஷி என்ற பெயர் சொல்லாமல் விட்டது அதைத்தான்.