எஃகுக்கு நீலமும் கருமையும் ஏற்றும் கைமுறைகள்

எஃகின் மேற்பரப்பை மெல்லிய ஆக்சைடு படலமாக மாற்றி, நீலம் அல்லது கருமை நிறம் தருவது பழைய உலோகக் கைத்தொழில்களுள் ஒன்றாகும். இது வண்ணப்பூச்சு அன்று.

ஐரோப்பியக் கடிகாரத் தொழிலாளர்கள் எஃகு முட்களையும் திருகாணிகளையும் மெருகேற்றி, பித்தளைத் தூளின் மேல் வைத்துச் சூடேற்றினர். வெப்பம் ஏறும்போது படலம் தடிப்பதால் எஃகு வெளிர்மஞ்சள், பழுப்பு, ஊதா என நிறம் மாறி, சுமார் 300 பாகை செல்சியசில் நீலமாகும். அங்குக் கண்ணே வெப்பமானி. சற்றுத் தாமதித்தாலும் நீலம் வெளிறிச் சாம்பல் நிறமாகும். மீண்டும் மெருகிலிருந்து தொடங்க வேண்டும்.

துப்பாக்கிக் குழல்களில் துருவைக் கொண்டே துருவைத் தடுத்தனர். எண்ணெய்ப் பசை நீக்கிய குழலில் அமிலக் கரைசலைப் பூசி, ஈரக்காற்றில் துருப்பிடிக்க விட்டனர். பின்னர்க் கொதிநீரில் இட்டதும் செந்துரு கரிய மாக்னடைட்டாக மாறியது. ஒட்டாத துகள்களைக் கம்பித் தூரிகையால் நீக்கி, பல நாட்கள் இதையே திரும்பத் திரும்பச் செய்தனர். இறுதியில் பூசிய எண்ணெயை அப்படலம் பிடித்து வைத்துக்கொண்டது. பழைய கரைசல்கள் சிலவற்றில் கொடிய நஞ்சான பாதரசக் குளோரைடும் சேர்க்கப்பட்டது.

20ஆம் நூற்றாண்டில் பரவிய சோடியம் ஐதராக்சைடு, நைட்ரேட்டு கலந்த சுடுகரைசல், பல நாள் வேலையைச் சில மணி நேரத்துக்குள் அடக்கியது. ஆனால் இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் குழல்களை இணைக்கும் ஈயப் பற்றாசை அக்கரைசல் அரித்துவிடும். எனவே அவற்றுக்கு இன்றும் பழைய துரு முறையே கையாளப்படுகிறது.