காவலும் துப்புக்கூலியும்

வயல் வரப்பைப் பற்றிய தகராறு, இரவில் குடித்துவிட்டுக் கூச்சலிடும் மகன், கொட்டிலில் இருந்து காணாமற்போன ஆடு. இவை நேர்ந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள நம் ஊர்களில் முதலில் யாரிடம் போகிறோம்? காவல் நிலையத்திற்கு அல்ல. ஊர்ப் பெரியவரிடம், உறவினரிடம், இராயப்பன்பட்டி போன்ற ஊர்களில் சில வேளை பங்குத் தந்தையிடமும் போகிறோம். நிலையத்தின் படியேறுவது கடைசி வழி என்பது நமக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு.

இப்போது மேலை நாடுகளில் இதே எண்ணம் புதிய கொள்கையாகப் பேசப்படுகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து யூஜீன் நகரில் 1989இல் ஒரு மருத்துவ நிலையம் தொடங்கிய ஏற்பாடு புகழ்பெற்றது. மனக்கலக்கம், குடிபோதை, வீடற்றோர் துயரம் போன்ற அழைப்புகளுக்குத் துப்பாக்கியேந்திய காவலரை அனுப்பாமல், மருத்துவப் பயிற்சி பெற்ற ஒருவரையும் நெருக்கடி ஆற்றுநர் ஒருவரையும் வண்டியில் அனுப்பினர். 2020இல் டென்வர் நகரும் இதைப் போன்ற ஒன்றைத் தொடங்கியது. யூஜீன் நகரத்துப் பணியோ நிதி நெருக்கடியால் 2025 ஏப்ரலில் நின்றுபோயிற்று. காவல் என்பது அரசின் கையில் மட்டும் இருக்க வேண்டியதில்லை என்று அவர்கள் இன்று கண்டதை, நம் பகுதி மிக நீண்ட காலம் வாழ்ந்து பார்த்திருக்கிறது. அந்த வரலாறு இனிப்பானதன்று. ஆயினும் அறிய வேண்டியது.

பாடிகாவல் என்ற சொல் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே வரிப்பெயராக வருகிறது. ஊரைக் காப்பவனுக்கு ஊரார் கொடுப்பது என்பது அதன் கருத்து. மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்திலும், பின்னர் கம்பம் பள்ளத்தாக்கிலும் இந்தப் பொறுப்பை ஏற்றவர்களுள் பிறமலைக் கள்ளர் முதன்மையானவர்கள். மதுரை நகரத்துத் தெருக்களுக்கும்கூடச் சுற்றுப்புறக் கள்ளர் ஊர்களிலிருந்து காவற்காரர் இருந்தனர். அறுவடையின்போது களத்துமேட்டில் காவற்காரனுக்கென்று நெல் அளந்து வைப்பார்கள். கூலி வாங்கியவனுக்குக் கடமை தெளிவானது. அவன் காவலில் உள்ள ஊரில் மாடு களவு போனால் அவன் தேடிக் கொணர வேண்டும். கொணர முடியாவிட்டால் மாட்டின் விலையைத் தானே கொடுக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியைச் சற்று நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். களவுபோன பொருளுக்குத் தன் கைப்பணத்தால் ஈடு செய்யும் காவலன்! இன்று எந்த நிலையத்தில் அத்தகைய பொறுப்பு உண்டு? களவு கொடுத்தவனுக்கு வேண்டியது கள்வனுக்குச் சிறைத்தண்டனை அன்று. உழவு தொடங்குமுன் மாடு திரும்பி வருவதே. அதைப் பழைய ஏற்பாடு அறிந்திருந்தது.

ஆனால் அதே ஏற்பாட்டின் உள்ளேயே புழுவும் இருந்தது. மாடு காணாமற்போனால் உரியவன் இடையாள் ஒருவனைப் பிடிப்பான். மாட்டின் விலையில் பாதியளவு துப்புக்கூலி என்று பேசி முடிப்பான். பணம் குறித்த இடத்தில் சேரும். மறுநாள் விடியலில் மாடு எங்கோ ஒரு மரத்தில் கட்டப்பட்டிருக்கும். யார் ஓட்டிப் போனார், யார் ஓட்டி வந்தார் என்று எவரும் கேளார். காவல் கூலி கொடுக்க மறுத்த ஊரில்தான் களவு மிகும் என்பதையும் மக்கள் விரைவில் கற்றுக்கொண்டார்கள். காப்பவனும் கவர்பவனும் ஒருவனே ஆகிவிட்டால் கூலிக்கும் கப்பத்துக்கும் வேறுபாடு ஏது?

ஆங்கில அரசு இதில் இரு மனத்தோடு நடந்துகொண்டது. 1816ஆம் ஆண்டின் பதினோராம் ஒழுங்குவிதியால் சிறு குற்றங்களைக் கிராமத் தலைவரிடமும் தலையாரியிடமும் விட்டது. பின்னர், வரி தண்டுவதிலும் காவலிலும் நடந்த சித்திரவதைகளை 1855இல் ஒரு விசாரணைக் குழு வெளிப்படுத்தவே, 1859இல் சென்னை மாகாணத்திற்கெனத் தனிக் காவல் சட்டம் இயற்றியது. சம்பளத்துக்கு வேலை செய்யும் சீருடைப் படை வந்தது. ஆனால் அந்தப் படை தொலைவில் இருந்தது. காவற்காரனோ அடுத்த தெருவில் இருந்தான்.

1896இல் ஊரார் தாமே கிளர்ந்தனர். அம்மையப்பக் கோன் என்னும் இடையர் தலைமையில் திண்டுக்கல் வட்டத்தில் தோன்றிய இயக்கம் பழனி, பெரியகுளம் வட்டங்களுக்கும் பரவியது. கள்ளர் காவலை நீக்கித் தத்தம் ஊராரையே காவலுக்கு அமர்த்தினர். களவும் தீவைப்பும் நேர்ந்தால் ஈடு செய்யப் பொது நிதி திரட்டினர். காவலர் கையில் கொம்பு கொடுத்தனர்; கொம்பொலி கேட்டும் வெளியே வராதவனுக்கு அபராதம் விதித்தனர். படிக்கும்போது எவ்வளவு அழகான ஒற்றுமை என்று தோன்றுகிறது! ஆனால் அந்த ஒற்றுமை கள்ளர் வீடுகளைக் கொளுத்தவும் செய்தது. காவற்கூலியை மட்டுமன்றி, நிலத்தையும் வீட்டையும் விட்டுப் பல குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. அவற்றுள் களவே அறியாத உழவர் குடும்பங்களும் இருந்திருக்கும் அல்லவா? ஊர் தன்னைத் தானே காக்கத் தொடங்கியபோது, யார் ஊரைச் சேர்ந்தவர் என்பதையும் ஊரே முடிவு செய்தது.

அதன்பின் அரசின் கை இறங்கியது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1914 முதல் மதுரை மாவட்டத்துக் கள்ளர்மீது படிப்படியாக ஏவப்பட்டது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றனர். ஊரை விட்டுச் செல்லச் சீட்டு வாங்க வேண்டும். ஆடவர் இரவில் வீட்டில் உறங்காமல் நிலையத்திலோ சாவடியிலோ கணக்குக் கொடுக்க வேண்டும். பரம்பரையாக இரவில் ஊரைச் சுற்றி வந்தவனை இரவில் அடைத்து வைத்தது சட்டம். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டது. மாண்டவர்களுள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். பிறகு அதே காவல்துறை கள்ளர் பஞ்சாயத்துகளை அமைத்து, களவுக்கு ஊரையே பொறுப்பாக்க முயன்றது. எதை ஒழித்ததோ அதையே வேறு பெயரில் கொணர்ந்தது. கள்ளர் சீரமைப்புத் திட்டத்தில் தோன்றிய பள்ளிகள் மட்டுமே நன்மையாக நின்றன. தேனி, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களில் அவற்றில் படித்து முன்னேறியோர் பலர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் இம்மக்களின் வாழ்வை ஆராய்ந்த ஆனந்த் பாண்டியனின் ஆங்கில நூல் 2009இல் வெளிவந்தது. கள்ளர் என்ற பெயர் உழவர் ஒருவரின் உள்ளத்தில் எத்தனை காலம் தங்கி வருத்துகிறது என்பதை அதில் காணலாம்.

ஊர்க்காவல் என்ற பழஞ்சொல்லையோ அரசு கைவிடவில்லை. 1963இன் சட்டப்படி அமைந்த படைக்கு ஊர்க்காவல் படை என்றே பெயர். 1993இல் இராமநாதபுரத்தில் காவல் கண்காணிப்பாளராயிருந்த பிரதீப் பிலிப் தொடங்கிய போலீஸ் நண்பர்கள் குழுவும் மறுஆண்டே தமிழகமெங்கும் பரவியது. பொதுமக்களே காவலுக்குத் துணை நிற்பது நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த நண்பர் யாருக்கு நண்பர்? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் காவலில் சித்திரவதைக்குள்ளாகி இறந்தபோது இக்கேள்வி நாடெங்கும் எழுந்தது. ஜூலையில் தமிழக அரசு அக்குழுவைத் தடை செய்தது.

எனவே யூஜீன் நகரத்துச் செய்தியைப் படிக்கும்போது நாம் கேட்பது இது. அங்கே வண்டியில் வந்தவரிடம் துப்பாக்கி இல்லை; கூலியைக் களத்துமேட்டில் அளக்கவில்லை; வந்தவர் சாதியால் அமர்த்தப்பட்டவரும் அல்லர். நம் ஊரில் அத்தகைய ஒருவரை அனுப்பினால், சேரியிலிருந்து அழைக்கும் தாய்க்கும் நடுத்தெருவிலிருந்து அழைப்பவருக்கும் அவர் ஒரே வேகத்தில் புறப்படுவாரா? மாடு திரும்பாவிட்டால் ஈடு செய்வது யார்? பழைய காவற்காரனுக்கு இரண்டாம் கேள்விக்கு விடை இருந்தது. முதற்கேள்விக்கு அவனிடமும் இல்லை, அவனை ஓட்டிய ஊரிடமும் இல்லை.