தனிநபர் நொடிப்பு

தனிநபர் நொடிப்பு என்பது, கடனைத் தீர்க்க எந்த வழியும் இல்லாத நிலைக்கு வந்துவிட்ட ஒருவர் தன் சொத்து முழுவதையும் நீதிமன்றத்தின் கையில் ஒப்படைத்து, கடன் கொடுத்தவர்களுக்கு அதிலிருந்து பங்கு கிடைக்கச் செய்து, எஞ்சிய கடனிலிருந்து விடுதலை பெறும் சட்ட நடைமுறை. இந்தியாவில் சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களுக்கு 1909-ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகர் நொடிப்புச் சட்டமும், மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமும் பொருந்துகின்றன. நேர்மையாக நொடித்தவரைக் குற்றவாளியாக நடத்தக் கூடாது என்பதே இரண்டுக்கும் அடிப்படை. ஆனால் நம் மக்களுக்குத் தெரிந்தது இச்சட்டத்தின் முதல் பாதிதான். மனுப் போடுவதை அறிந்த அளவுக்கு, விடுவிப்பு ஆணை பெறுவதை அறிந்தவர்கள் குறைவு. உண்மையான விடுதலை அந்த இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது.

பெயர்கள்

பேச்சு வழக்கில் இதை ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்’, ‘மஞ்சள் நோட்டீஸ் விட்டுவிட்டார்’ என்பார்கள். நீதிமன்ற வளாகத்திலும் வியாபாரிகள் நடுவிலும் ‘ஐ.பி. போட்டுவிட்டார்’ என்பது வழக்கம். நொடிப்பு மனு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. ‘திவால்’ என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல். இலங்கைத் தமிழில் ‘வங்குரோத்து’ என்கிறார்கள். ‘நொடித்துப்போனார்’ என்பதுதான் பழைய தமிழ் வழக்கு. சட்டத் தமிழும் அதிலிருந்தே ‘நொடிப்பு’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது.

வரலாறு

கடனைக் கட்டாதவரைச் சிறையில் தள்ளுவதே ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. அப்படி அடைபட்டவர்களுக்கு நிவாரணம் தர 1828-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் தனி நீதிமன்றங்கள் ஏற்பட்டன. 1848-இல் விரிவான சட்டம் ஒன்று வந்தது. மூன்று நகரங்களுக்கு வெளியே இருந்த ஊர்களுக்கென்று 1907-இல்தான் தனிச் சட்டம் கிடைத்தது. 1920-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தில் வந்தது.

சென்னைக்கு இந்தச் சட்டத்தின் கனத்தை உணர்த்தியது அர்பத்நாட் கம்பெனியின் வீழ்ச்சி. 1906 அக்டோபர் 22 அன்று அந்த நிறுவனம் கதவடைத்தது. அதை நம்பிப் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் தவித்துப்போனார்கள். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு மோசடிக் குற்றத்துக்காக 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முன்னின்று எடுத்த முயற்சியில் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. நேர்மையான நொடிப்பு வேறு, ஏமாற்றி நொடிப்பது வேறு என்று சட்டம் கிழிக்கும் கோட்டை அந்த ஒரு வழக்கிலேயே பார்க்கலாம்.

மனுச் செய்ய உரியவர்

கடன் வாங்கியவரும் மனுச் செய்யலாம். கடன் கொடுத்தவரும் செய்யலாம். கடனாளியே மனுச் செய்வதானால், கடனைத் தீர்க்க முடியாத நிலையில் அவர் இருக்க வேண்டும். அத்துடன் கடன் ரூ.500-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது நீதிமன்ற டிக்ரியை நிறைவேற்ற அவர் கைதாகியிருக்க வேண்டும், அல்லது அவர் சொத்து ஜப்தியாகியிருக்க வேண்டும். நூறாண்டுகளுக்கு முன் வைத்த அந்த ரூ.500-தான் இன்னும் சட்டத்தில் இருக்கிறது.

கடன் கொடுத்தவர் மனுச் செய்ய, கடனாளி ‘நொடிப்புச் செயல்’ ஒன்றைச் செய்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் நோக்கில் சொத்தைக் கைமாற்றுவது, அவர்களுக்கு முகம் காட்டாமல் ஊரை விட்டுப் போவது, வீட்டுக்குள் மறைந்துகொள்வது, ‘இனிமேல் பணம் தர இயலாது’ என்று அறிவிப்புக் கொடுப்பது ஆகியவை இதில் அடங்கும். ராத்திரியோடு ராத்திரியாக ஊரைக் காலி செய்வதைப் பலர் தப்பிக்கும் வழி என்று எண்ணுகிறார்கள். அதுவே எதிர்த்தரப்புக்கு வழக்குப் போடக் காரணமாகிவிடுகிறது.

நடைமுறை

சென்னையில் உயர் நீதிமன்றத்திலும், மற்ற ஊர்களில் மாவட்ட நீதிமன்றம் அல்லது அதிகாரம் பெற்ற சார்பு நீதிமன்றத்திலும் மனுச் செய்ய வேண்டும். மனுவின் உயிர் அதன் பட்டியல்களில் இருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், அவர்களின் முகவரி என்ன என்பது ஒரு பட்டியல். கைமாற்றாக வாங்கிய பணமும், புரோநோட்டில் எழுதிக்கொடுத்ததும், சீட்டுப் பாக்கியும் விடாமல் வர வேண்டும். தன்னிடம் உள்ள சொத்து என்ன, எங்கே இருக்கிறது, மதிப்பு என்ன என்பது இன்னொரு பட்டியல். சட்டம் விலக்கு அளித்தவை தவிர மற்ற எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சம்மதம் என்றும் எழுதித் தர வேண்டும்.

மனுவை ஏற்றதும் கடன் கொடுத்தவர்களுக்கு நோட்டீஸ் போகிறது. விசாரணைக்குப் பின் நீதிமன்றம் மனுதாரரை நொடித்தவர் என்று அறிவித்தால், அவர் சொத்து, அதை விற்றுப் பங்கிடும் ரிசீவர் வசம் போகிறது. சென்னையில் இந்தப் பொறுப்பு அஃபிஷியல் அசைனியுடையது. அதன்பின் அந்தக் கடனுக்காக யாரும் நீதிமன்ற அனுமதியின்றி அவர்மீதோ அவர் சொத்தின்மீதோ நடவடிக்கை எடுக்க முடியாது. கைதிலிருந்து காக்கும் பாதுகாப்பு ஆணையையும் அவர் கேட்டுப் பெறலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. தையற்கடை நடத்தும் ஒருவருக்கு ஒன்பது பேரிடம் மொத்தம் 12 லட்ச ரூபாய் கடன். அவரிடம் உள்ளது ஒரு காலி மனையும் இரண்டு தையல் எந்திரங்களும். மனையை விற்றுச் செலவு போக 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் தேறுகிறது. அரசுக்கு வரிப்பாக்கி, வேலையாட்களுக்குச் சம்பளப் பாக்கி போன்றவை முதலில் தீர வேண்டும். அப்படி எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், ரூபாய்க்கு 30 பைசா வீதம் பங்கு வரும். ஒரு லட்சம் கொடுத்தவருக்கு 30 ஆயிரம். முதலில் மிரட்டியவருக்கு முழுப் பணம், பொறுமையாக இருந்தவருக்கு ஒன்றுமில்லை என்ற அநியாயம் இதில் நடக்காது. அவர் பிழைப்பு நடத்தும் தையல் எந்திரத்தை யாரும் தொட முடியாது.

கைவிட்டுப் போகாதவை

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு எவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்று சொல்கிறது. அவை ரிசீவர் வசமும் போவதில்லை. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற நகை, கைவினைஞரின் கருவிகள், விவசாயியின் ஏர், மாடு, விதைநெல், விவசாயியும் கூலித் தொழிலாளியும் குடியிருக்கும் சொந்த வீடு, கூலி, அரசு ஓய்வூதியம் ஆகியவை அதில் உள்ளன. மாதச் சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் காப்புப் பெறுகின்றன. வாழ்க்கையை மறுபடி தொடங்கக் கையில் எது இருந்தாக வேண்டுமோ அதைச் சட்டம் விட்டுவைக்கிறது.

விடுவிப்பு ஆணை

நொடித்தவர் என்று அறிவிக்கும்போதே, எத்தனை காலத்துக்குள் விடுவிப்புக் கோரி மனுச் செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் குறிப்பிடுகிறது. இந்தக் கெடுவைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தவறினால் நொடிப்பு ஆணையே ரத்தாகலாம். கடன் கொடுத்தவர்கள் பழையபடி துரத்தலாம். விடுவிப்புக் கிடைக்கும்வரை புதிதாக வரும் சொத்தும் ரிசீவருக்கே உரியது. இடையில் தகப்பனார் இறந்து பாகப்பிரிவினையில் அரை ஏக்கர் வந்தால், அதுவும் கடன் கொடுத்தவர்களுக்குத்தான்.

விடுவிப்பு மனுவை விசாரித்து நீதிமன்றம் முழு விடுவிப்புத் தரலாம், சில காலம் தள்ளிவைக்கலாம், பின்னால் வரும் வருமானத்தில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி நிபந்தனையுடன் தரலாம், மறுக்கவும் செய்யலாம். சொத்து மதிப்பு ரூபாய்க்கு எட்டணா, அதாவது கடனில் பாதி அளவுக்காவது ஈடாகவில்லை என்றால் முழு விடுவிப்புத் தரக் கூடாது என்பது விதி. ஆனால் அந்த நிலை தன் பொறுப்புக்கு அப்பாற்பட்ட காரணத்தால் வந்தது என்று நிரூபித்தால் விதி தளர்கிறது. மேலே சொன்ன தையற்கடைக்காரர் வெள்ளத்தில் கடையை இழந்தவர் என்றால் அதற்கான சான்றுகளே அவரைக் காப்பாற்றும். கணக்குப் புத்தகம் வைக்காத வியாபாரம், சூதாட்டம், கண்மூடித்தனமான ஊகவணிகம், ஆடம்பரச் செலவு இவற்றால் நொடித்தவருக்கும் முழு விடுவிப்பு இல்லை.

தீராத கடன்கள்

அரசுக்குத் தர வேண்டியது, மோசடியால் ஏற்பட்ட கடன், மனைவி மக்களுக்கு நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சம் ஆகியவை விடுவிப்பிலும் தீர்வதில்லை. அடமானக் கடனில் வங்கியின் உரிமை அப்படியே நிற்கிறது. வீட்டுக் கடன் நிலுவையிருந்தால் அடகில் உள்ள வீட்டையும், நகைக்கடன் என்றால் நகையையும் ஐ.பி. காப்பாற்றாது. செக் திரும்பிய வழக்கு குற்றவியல் வழக்கு என்பதால் அது தனியே நடக்கும்.

எல்லாவற்றிலும் வேதனையானது ஜாமீன்தாரரின் நிலை. கடன் வாங்கியவருக்குக் கிடைக்கும் விடுவிப்பு, அவருக்காகக் கையெழுத்துப் போட்டவரை விடுவிப்பதில்லை. மனுப் போடுவதற்கு முன் அவரிடம் உட்கார்ந்து பேச வேண்டியது சட்டம் சொல்லாத கடமை.

மோசடியும் தண்டனையும்

மனுப் போடுவதற்கு முன் மனைவி பேருக்குச் செட்டில்மென்ட் எழுதிவைப்பது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. கைமாறி இரண்டு ஆண்டுக்குள் போட்ட மனுவின்பேரில் நொடித்தவர் என்று அறிவிப்பு வந்தால், உரிய விலையின்றி மாற்றிய அந்தச் சொத்தை ரிசீவர் மீட்கலாம். நொடிப்பு மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிக் கடனைத் தீர்த்ததும் செல்லாமல் போகும். சொத்தை மறைத்தாலும் பொய்க்கணக்குக் காட்டினாலும் 1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை. விடுவிப்புப் பெறாத ஒருவர் அந்த உண்மையைச் சொல்லாமல் ரூ.50 அல்லது அதற்கு மேல் கடன் வாங்குவதே குற்றம். ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. அவர் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினராக இருக்கவும் அரசியலமைப்பின் 102, 191-ஆம் பிரிவுகள் தடை விதிக்கின்றன.

2016-ஆம் ஆண்டுச் சட்டம்

பழைய இரண்டு சட்டங்களுக்கும் பதிலாக, 2016-இல் நாடாளுமன்றம் இயற்றிய நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின் மூன்றாம் பகுதி எழுதப்பட்டது. ஏழைகளுக்காக ‘புதுத் தொடக்கம்’ என்ற வழியும் அதில் இடம்பெற்றது. ஆண்டு வருமானம் ரூ.60,000-க்கும், சொத்து ரூ.20,000-க்கும், தகுதியான கடன் ரூ.35,000-க்கும் மிகாமல், சொந்த வீடும் இல்லாதவர் எளிய மனு ஒன்றால் கடன் நீங்கப் பெறலாம் என்றது அது. ஆனால் தனிநபர்களைப் பொறுத்தவரை, 2019 டிசம்பர் 1 முதல் நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே மூன்றாம் பகுதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய நிறுவனங்களுக்குத் திறந்த கதவு சாதாரணக் குடும்பங்களுக்குத் திறக்காமல் நிற்பது பெருங்குறை.

கடனும் சிறையும்

பணத்துக்கான டிக்ரியில் பெண்களைக் கைது செய்யவே கூடாது. ஆண்களுக்கும் அதிகபட்சம் மூன்று மாத உரிமையியல் சிறைதான். கைதானவரிடம் ‘நீங்கள் நொடிப்பு மனுச் செய்யலாம்’ என்று நீதிமன்றமே எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. வசதி இருந்தும் கட்டாத வஞ்சகம் இல்லாதபோது, ஏழ்மையைக் காரணமாக வைத்து ஒருவரைச் சிறையில் அடைப்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்கு விரோதம் என்று 1980-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் தீர்ப்பளித்தார்.

மனுவுக்கு முன் பார்க்க வேண்டியவை

நொடிப்பு மனு கடைசி வழி. வங்கியிடம் தவணையை மாற்றி அமைக்கக் கேட்பது, ஒரே தவணையில் குறைத்துத் தீர்ப்பது, மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசுவது ஆகியவற்றை முதலில் பார்க்கலாம். வங்கிக் கடன் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்து தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் கட்டளையிட்டது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றின் பேரில் கொடும் வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை விதிக்க அதில் இடமுண்டு. இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டி நெருக்கடி தாங்காமல் ஒரு குடும்பத்தின் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என நால்வரை இழந்தோம்.

மஞ்சள் கடுதாசி என்ற சொல் நம் ஊரில் இன்னும் வசையாகவே ஒலிக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதி ஒப்படைக்கும் ஒருவருக்குச் சட்டம் தரும் மரியாதையை ஊரும் தர வேண்டும். கடன் கழுத்தை நெரிக்கும் நிலையில் இருப்பவர்கள், மறைக்காமல் ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதிக்கொண்டு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பின்றி அங்கே இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. தேசிய இலவசச் சட்ட உதவி எண் 15100.