நாணைப் பேணுதல்

மதுரை மதிலில் வளைவிற்பொறி இருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. தானே வளைந்து எய்யும் இயந்திர வில் என உரையாசிரியர் விளக்குவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சுல்தான் சலாஹுத்தீன் ஐயூபிக்காக அத்தர்ஸூஸீ எழுதிய அரபுப் படைக்கல நூலிலும் பொறிவில்லின் வகைகளைக் காண்கிறோம்.

எய்யும்போதெல்லாம் நாண், அம்பு கிடக்கும் தண்டை உரசிச் செல்லும். ஆதலின் நாணுக்குத் தேன்மெழுகும், தண்டுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் வேண்டும். எண்ணெய் மிகுந்தால் தூசி படிந்து நாணையே அராவும். ஈரமோ அதனினும் கொடிது. நனைந்த கயிறு சுருங்கி இறுகுவதை நம் வண்ணார்பேட்டை ஆற்றங்கரையில் எவரும் அறிவர். கி.பி. 1346இல் பிரான்சின் கிரெஸிப் போரில் ஜெனோவா வில்லாளரின் நாண்கள் மழையில் நனைந்து அவ்வாறே பயனற்றுப் போயின என அக்கால வரலாறு கூறும்.

அம்பெய்தலைக் கற்றபின் கைவிடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது. கற்பதோடு கடமை முடிவதில்லை. கற்றதைப் பேணவும் வேண்டும். அத்தர்ஸூஸீயின் கைப்பிரதி ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் பேணப்பட்டதாலன்றோ அவரை நாம் அறிகிறோம்! நம் இல்லப் பேழைகளிலோ முன்னோரின் அரபுத்தமிழ் ஏடுகள் செல்லரிக்கின்றன. அவற்றை இன்றே எடுத்துத் தூசி தட்டுவோமாக.