பந்தியிற் கற்ற பாடம்

பள்ளிக்கூடம் என்றதும் ஏடும் பரீட்சையுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும் மாணாக்கனுடைய ஒழுக்கம் வகுப்பறையில் மட்டும் உருவாவதன்று. எவருடன் அமர்ந்து உண்டான், எவருடன் சேர்ந்து வேலை செய்தான் என்பனவும் அவனை உருவாக்குகின்றன. இதற்கு நம் நாட்டு வரலாற்றில் இரண்டு சான்றுகள் உள.

வங்காளத்தில் போல்பூருக்கு அருகே, இரவீந்திரநாத தாகூர் 1901-இல் சாந்திநிகேதனப் பள்ளியைத் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் பீனிக்ஸ் குடியிருப்பில் வளர்ந்த சிறுவர்கள், அடிகள் தாயகம் திரும்புமுன்னரே வந்து அங்குத் தங்கியிருந்தனர். தம் வேலையைத் தாமே செய்து பழகியவர்கள் அவர்கள். 1915 மார்ச்சில் அங்கிருந்த அடிகள், கூலிக்குச் சமைப்போரை விடுத்து, ஆசிரியரும் மாணாக்கரும் தாமே சமைத்து உண்ணலாகாதா என்று வினவினார். ஆசிரியர்கள் விரும்பினால் தமக்குத் தடையில்லை என்று கவியரசர் இசைந்தார். மார்ச் 10-ஆம் நாள் பணி தொடங்கிற்று. சிலர் காய் நறுக்கினர். சிலர் தானியம் புடைத்தனர். சிலர் அடுக்களையைத் துப்புரவு செய்தனர். பாத்திரம் துலக்குவோர்க்குச் சலிப்புத் தோன்றாதிருக்கச் சிலர் சிதார் வாசித்தனர். அம்முயற்சி சில காலத்தில் நின்றுபோயிற்று. எனினும் ஆண்டுதோறும் மார்ச் 10 அங்குக் காந்தி நாளாகக் கொண்டாடப்படுகின்றது. அன்று பணியாளர்க்கு ஓய்வளித்து, ஆசிரியரும் மாணாக்கருமே அவர்தம் வேலைகளைச் செய்கின்றனர்.

மற்றொன்று தமிழகத்துச் செய்தி. வ. வே. சு. ஐயர் 1922-இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம், நெல்லைச் சீமையில் சேரன்மாதேவியில் நடைபெற்றது. ஐயரின் தமிழ்ப்பற்றும் தியாகமும் உலகறிந்தவை. ஆயினும் பெற்றோர் விருப்பத்திற்கிணங்கிப் பிராமணச் சிறுவர் இருவர்க்கு அங்குத் தனியே உணவிடப்பட்டது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ. வெ. ராமசாமியும் அதனைக் கண்டித்தனர். தமிழ்நாட்டுக் காங்கிரஸில் பெரும்பூசல் மூண்டது. அது தணியுமுன்னரே, 1925 ஜூனில், பாபநாசத்து அருவியில் விழுந்த மகளைக் காக்க முயன்று ஐயர் உயிர் துறந்தார்.

இருவர்க்குத்தானே தனியிலை என்று சிலர் எண்ணியிருக்கலாம். ஆனால் அதனைக் கண்ட சிறுவர் அனைவரும் ஒரு பாடம் கற்றனர். எத்தகைய உயர்ந்த பாடமும் பந்தியிற் கற்ற அப்பாடத்தை அழிக்க வல்லதன்று.

நம் காலனிச் சிறுவர்கள் பல மொழியினருடன் ஒரே பள்ளியிற் பயில்கின்றனர். மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் மதிப்பெண் எவ்வளவு என்று கேட்கின்றோம். இன்று எவருடன் உணவைப் பகிர்ந்து உண்டாய் என்றும் கேட்போமாக.