பொற்கோயிலில் கல்லும் சொல்லும்

அமிர்தசரஸ் பொற்கோயிலுக்கு நாம் சென்றபோது வாயிலில் எவரும் நம் சமயத்தை வினவவில்லை. காலணி களைதல், கால் கழுவுதல், தலையை மறைத்தல் ஆகியவையே அங்குள்ள ஒழுங்குகள். தோளில் கிடந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்சென்றோம்.

சுற்றிவந்தபின் பொதுப்பந்தியில் அமர்ந்தோம். செல்வரும் வறியவரும் ஒரே தரையில் அமர்ந்துண்ணும் அப்பந்திக்கு ‘லங்கர்’ என்று பெயர். சூஃபிகளின் கான்காஹ்களில் ஏழைகளுக்கு உணவளித்த அடுக்களைக்கும் அதுவே பெயர்.

அருகிருந்த சீக்கியப் பெரியவர் நாம் முஸ்லிம் என அறிந்ததும், “இதற்கு அடிக்கல் நாட்டியவர் உங்கள் மியான் மீர்” என்றார். உள்ளம் குளிர்ந்தது. நல்லிணக்க மேடைகளில் நாமும் பலமுறை சொன்ன செய்தியன்றோ இது!

ஆயினும் ஹதீஸ் கலை பயின்றவர், இனிக்கும் செய்திக்கும் சனதைத் தேடக் கடமைப்பட்டவர். லாகூர் வலியுல்லாஹ் மியான் மீர் (ரஹ்) அவர்களின் வரலாற்றை இளவரசர் தாரா ஷிகோஹ் ‘சகீனத்துல் அவ்லியா’ என்னும் நூலில் வரைந்தார். அதில் இச்செய்தி இல்லை. அடிக்கல் கதை 19ஆம் நூற்றாண்டு நூல்களில்தான் தெளிவாகத் தலைகாட்டுகிறது.

கல்லுக்குச் சான்று தளர்ந்தாலும் சொல்லுக்குச் சான்று உண்டு. குரு அர்ஜன் 1604இல் தொகுத்து முடித்த ஆதி கிரந்தத்தில் ஷெய்கு பரீதின் பெயரால் பஞ்சாபிப் பாடல்கள் இடம்பெற்றுள்ளன. அவை 13ஆம் நூற்றாண்டின் பாபா பரீதுத்தீன் கஞ்ஷகர் (ரஹ்) அவர்களுடையவை என்பது மரபு. சில, அவர் வழிவந்த ஷெய்கு இப்ராஹீமுடையவை என்பாரும் உளர். எவ்வாறாயினும், அவை பாக்பட்டன் சிஷ்தியா இல்லத்தின் குரலே. மூப்பையும் மரணத்தையும் பணிவையும் நினைவூட்டும் அவ்வரிகளைச் சீக்கியர் தம் வேதத்தின் பகுதியாகவே ஓதுகின்றனர்.

இன்னொரு சொல்லுக்கும் சான்றுண்டு. குரு அர்ஜனைக் கொல்ல ஆணையிட்டதை ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பிலேயே எழுதிவைத்துள்ளார். 1606இல் லாகூரில் குருவின் உயிர் பிரிந்தது. பரீதின் பாடலை ஏந்திய கரங்களுக்கு ஒரு முஸ்லிம் மன்னர் அளித்த மறுமொழி அது! அடிக்கல்லை மேடையில் பேசிய நாம் இதைப் பேசியதில்லை.

பந்தியில் பெரியவரோடு கல்லைக் குறித்து வாதிடுவது விருந்தினருக்கு அழகன்று. “பரீத் பாபாவை நீங்கள் காத்துவைத்தீர்கள், அதற்கு நன்றி சொல்லவே வந்தோம்” என்றோம். அவர் கைகூப்பினார். இனி மேடையேறினால் கல்லை விடுத்துச் சொல்லையே பேசுவோம், 1606ஐயும் மறைக்கமாட்டோம்.